ஆறு செஷன் முடிந்தும் நடந்ததைப் பற்றி உளவியலாளர் கேட்கவே இல்லை, இது சரியா?

ஈரமண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதமாக ஒரு உளவியலாளரிடம் தெரபிக்குப் போகிறேன். வாரம் ஒரு முறை, 50 நிமிடம், இதுவரை 6 செஷன் ஆகியிருக்கிறது. சின்ன வயதில் வீட்டில் நடந்தவைதான் காரணம். அப்பாவின் கோபம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் உள்ளே வந்து சாவியை மேசைமேல் வைக்கும் சத்தத்திலேயே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். மெதுவாக வைத்தால் தப்பித்தோம். எறிந்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்பக்க அறைக்குப் போய்விடுவேன். இப்போது எனக்கு 34 வயது, அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் யாராவது சாவியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் என் விரல்கள் சில்லிட்டுப் போகின்றன.

கணவர் நல்லவர், ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஆனால் ஏதாவது வாக்குவாதத்தில் அவர் குரல் லேசாக உயர்ந்தாலே நான் கல்லாகிவிடுகிறேன், வாயிலிருந்து ஒரு சொல் வராது. பேசாமலிருந்து அவரைத் தண்டிக்கிறேன் என்று அவர் நினைக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியே பழகிவிட்டேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அவர் மெதுவாக நிறுத்தி, "இதை நான் கட்டாயம் கேட்கப்போகிறேன், ஆனால் எல்லாவற்றையும் இன்றே சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பாதம் தரையில் படுவது இப்போது தெரிகிறதா?" என்று கேட்டார். இத்தனை வருடம் அடக்கிவைத்ததைச் சொல்ல வந்தவளிடம் பாதத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகும் தூக்கம், மூச்சு, அந்த வாரத்தில் நடந்தது, எப்போது உடம்பு இறுகியது என்றுதான் போய்க்கொண்டிருக்கிறது. இது சரியான முறையா, இல்லை வேறு ஆளைப் பார்க்க வேண்டுமா? அவரிடமே கேட்கத் தைரியம் வரவில்லை.

தூரத்துவிளக்கு எழுதியது:

தோழி, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு இதற்கு நேர் எதிராக நடந்தது.

நான் முதலில் பார்த்தவர் முதல் நாளே, "நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள், எதையும் விடாதீர்கள்" என்றார். நானும் சொன்னேன். ஒரு மணி நேரம் நிறுத்தாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வெளியே வந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வாரம் முழுவதும் தூக்கமில்லை, கனவில் எல்லாம் திரும்பி வந்தது. அடுத்த முறை போகவில்லை. தெரபி என்றாலே இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து மூன்று வருடம் எந்தப் பக்கமும் எட்டிப்பார்க்கவில்லை. அந்த மூன்று வருடம் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

இரண்டாவதாகப் பார்த்தவர் முதல் நாள் கேட்டது, எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று. கதவைப் பார்த்தபடி இருந்த நாற்காலியைக் காட்டினேன். அன்றிலிருந்து அது என் நாற்காலி. அந்தச் சம்பவத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது. சொல்லும்போது அழுதேன், ஆனால் அறையிலேயே இருந்தேன், அன்று இரவு தூங்கவும் செய்தேன். அதனால் பாதத்தைப் பற்றிக் கேட்டவரை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கற்றதுகைமண் எழுதியது:

நான் உளவியலாளராக வேலை செய்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று சொல்வது முறையில்லை, அதனால் பொதுவாக எப்படி யோசித்து வேலை செய்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதியதில், மனக்காயத்திலிருந்து மீள்வதை மூன்று கட்டமாகச் சொன்னார். முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து அதற்காகத் துக்கப்படுவது, அதற்குப் பிறகு மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி ஒட்டுவது. மாடிப்படிபோல் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது கிடையாது, முன்னும் பின்னும் போய் வருவோம். உங்களுக்கு இப்போது நடப்பது அந்த முதல் கட்டம் என்றுதான் தோன்றுகிறது.

பாதத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை ரொம்பப் புண்படுத்தியிருக்கிறது. டேனியல் சீகல் என்ற மனநல மருத்துவர் சொன்ன ஒரு கருத்தை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம், தமிழில் தாங்கும் எல்லை என்று சொல்லலாம். அந்த எல்லைக்குள் இருக்கும்போது ஒருவரால் உணரவும் முடியும், யோசிக்கவும் முடியும். மேலே போனால் படபடப்பு, வியர்வை, பீதி. கீழே போனால் மரத்துப்போதல், உறைந்துபோதல், வார்த்தை வராமல் போவது. கணவர் குரல் உயர்ந்ததும் கல்லாகிவிடுவதாகச் சொன்னீர்களே, அது இந்தக் கீழ்ப்பக்கம். அந்த நிலையில் ஒருவர் தன் கதையைச் சொன்னால் வாய்தான் பேசும், பேசி முடித்த பிறகு மனதில் எதுவும் இடம் மாறியிருக்காது. மேலே தூரத்துவிளக்கு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னேன் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மனக்காய நினைவு மற்ற நினைவுகளைப்போல் என்றோ நடந்தது என்று வருவதில்லை, இப்போது நடக்கிறது என்று வருகிறது. பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வது, இன்றைய தேதியில், இந்த அறையில், இத்தனை வயதோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று உடம்புக்கே தெரியப்படுத்துவதற்காக. ஒரு கால் இங்கே ஊன்றி நின்றால்தான் இன்னொரு காலை அங்கே வைக்க முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், சிக்கலான மனக்காயப் பாதிப்பு என்பதைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். பழைய சம்பவம் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்து என்று விழிப்பாகவே இருப்பது, இவற்றோடு உணர்ச்சிகளைச் சமாளிக்க முடியாமை, தன்னைப் பற்றித் தாழ்வான எண்ணம், உறவுகளில் நெருக்கமாக இருக்க முடியாமை என்று மூன்று சேர்ந்துகொள்ளும். இது உங்களுக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சாவிச் சத்தம், கணவரோடு வரும் மௌனம், என்ன பிடிக்கும் என்று தெரியாதது, இவற்றை மூன்று தனிப் பிரச்சினைகளாகப் பார்க்க வேண்டியதில்லை, ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்தவர் முகத்தைப் படிக்கும் பழக்கம் அந்தச் சிறுமியைக் காப்பாற்றிய திறமை. அதைக் குறையாக நினைக்காதீர்கள். தன்னைக் கண்டுபிடிப்பது என்று பெரிதாகப் பேசுகிறார்கள், எங்கள் அறையில் அது பெரும்பாலும் மிகச் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டுமா, மூடட்டுமா? என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள். இதற்கே சிலருக்குக் கண் கலங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல், தெரபிஸ்டுக்கும் வருபவருக்கும் இடையிலான கூட்டு மூன்று விஷயத்தில் நிற்கிறது என்றார்: எதற்காக வந்திருக்கிறோம், அதற்கு என்ன செய்கிறோம், இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. உங்கள் விஷயத்தில் இரண்டாவது ஆட்டம் கண்டிருக்கிறது, அவர் ஏன் இதைச் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது, சொல்லாமல் விட்டது அவர் தவறு. ஆனால் நீங்கள் கேளுங்கள். "எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று அவரிடம் சொல்வதே உங்களுக்கு ஒரு பெரிய வேலையாக இருக்கும். ஒருவரோடு முரண்படலாம், அதற்காகச் சாவி எறியப்படாது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள அந்த அறையைவிட நல்ல இடம் கிடையாது.

நேர்க்கோடு எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி, ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தயார் செய்கிறோம், தயார் செய்கிறோம் என்று சொல்லியே என்னை ஒரு வருடத்துக்கு மேல் மூச்சுப் பயிற்சியிலேயே வைத்திருந்தார்கள். நான் பயப்பட்டேன், என் பயத்தைப் பார்த்து அவரும் பயந்தார், இரண்டு பேரும் சேர்ந்து அந்த விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தவிர்ப்பதும் இந்த நோயின் ஒரு பகுதிதானே, அதற்குத் தெரபிஸ்டும் துணை போகக்கூடாது.

பிறகு வேறொருவரிடம் எண்ணங்களை எடுத்துப் பார்க்கும் ஒரு முறையில் சிகிச்சை எடுத்தேன், பட்ரிஷியா ரெசிக் உருவாக்கியது, வழக்கமாக 12 செஷன். "நடந்தது என் தவறு" என்ற எண்ணத்தைக் காகிதத்தில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று வரிவரியாகப் பார்த்தோம். அப்போது எனக்கு 9 வயது என்று எழுதியபோது பேனா நின்றுவிட்டது. 9 வயதுக் குழந்தை என்ன செய்திருக்க முடியும் என்று எழுத இடம் விட்டிருந்தார்கள், அந்த இடத்தில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. எனக்கு உடைந்தது அந்த நிமிடத்தில்தான். ஈரமண், 6 செஷன் என்பது அதிகம் கிடையாது, ஆனால் எப்போது அடுத்த கட்டம், எந்த முறை, எப்படித் தெரியும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கற்றதுகைமண் எழுதியது:

நேர்க்கோடு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு முன்தயாரிப்பு தேவை என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, எல்லோருக்கும் நீண்ட தயாரிப்பு தேவைப்படுவதில்லை. நினைவை நேராகத் தொடும் முறைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நீங்கள் சொன்னது ஒன்று, எட்னா ஃபோவா உருவாக்கிய, நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயத்தைக் கரைக்கும் முறை இன்னொன்று. ஃபிரான்சின் ஷாபிரோ 1980களின் கடைசியில் கொண்டுவந்த ஈஎம்டிஆர் முறையில், அதாவது நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடமும் வலமுமாக அசைக்கச் சொல்லும் முறையில், நடந்ததை விரிவாக விவரிக்காமலேயே வேலை செய்ய முடியும், 2013இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. தயாரிப்புக் கட்டம் நீள்கிறதா என்று பார்க்கும் கண் தெரபிஸ்டுக்கு இருக்க வேண்டும், நீங்கள் சொன்னது எனக்கும் ஒரு எச்சரிக்கைதான்.

அரைச்சுவர் எழுதியது:

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், கணவன் பக்கத்திலிருந்து. என் மனைவியும் இப்படித்தான் உறைந்துபோவாள். அவள் மௌனமானால் நான் பதில் வாங்கியே தீருவேன் என்று இன்னும் கேட்பேன், என் குரல் இன்னும் ஏறும், அவள் இன்னும் உள்ளே போவாள். எட்டு வருடம் இதே சுற்றுதான், எதற்காகச் சண்டை ஆரம்பித்தது என்பதுகூட எங்களுக்கு நினைவிருக்காது.

தம்பதியாகப் போன இடத்தில் அந்தத் தெரபிஸ்ட் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, இவர் துரத்துகிறார், அவர் ஒளிகிறார், அவர் ஒளிவதால் இவர் துரத்துகிறார் என்று காட்டினார். உங்கள் இருவருக்கும் எதிரி இந்த வட்டம்தான் என்றார். சூ ஜான்சன் என்பவர் வளர்த்தெடுத்த முறை அது என்று பிறகு தெரிந்தது, நெருக்கம் போய்விடுமோ என்ற பயம்தான் கோபமாக வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். குரல் உயரும்போது எனக்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோது, இவள் என்னை விட்டுப் போய்விட்டாள் என்ற பயம் என்று என் வாயிலிருந்தே வந்தது. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

ஒன்று மட்டும் கவனமாகச் சொல்கிறேன், வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் சேர்ந்து போவது ஆபத்து, அங்கே பேசியதற்கு வீட்டுக்கு வந்து பழி வாங்கப்படலாம். உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தயாரானதும் உங்கள் கணவரையும் ஒரு செஷனுக்குக் கூப்பிடலாமா என்று உங்கள் உளவியலாளரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் அவரிடம் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவையுங்கள்: நான் பேசாமல் இருக்கவில்லை, பேச முடியாமல் இருக்கிறேன்.

ஈரமண் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் பலமுறை படித்தேன்.

போன செஷனில் கேட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும், அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன். "நீங்கள் பாதத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, நான் சொல்ல வந்ததை நீங்கள் கேட்க விரும்பவில்லை என்று நினைத்தேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் கை நடுங்கியது, சாவிச் சத்தத்துக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "ஏன் அப்படிக் கேட்டேன் என்று அன்றைக்கே விளக்கியிருக்க வேண்டும், விளக்காமல் விட்டதற்கு மன்னியுங்கள்" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பெரியவர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மீதி நேரம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். அடுத்து எந்த முறை என்றும் கேட்டேன், இரண்டு வழி சொல்லி விளக்கினார், நான் தேர்ந்தெடுக்கலாம் என்றார். நேர்க்கோடு, உங்களுக்குத் தனியாக நன்றி.

கணவரிடம் அரைச்சுவர் சொன்ன வரியைச் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கண்முன்னே மேசைமேல் மெதுவாக வைத்தார், சத்தமே வரவில்லை.