வளர்ப்பு எலிக்கு நானே தைத்த ஹார்னஸ்

கடையில் எலிக்கு என்று விற்கிற ஹார்னஸ் (கயிறு மாட்ட உடம்பில் கட்டும் பட்டை) எதுவும் என் பெண் எலிக்குப் பொருந்தவில்லை. பெண் எலி பொதுவாக 250 முதல் 350 கிராம், ஆண் எலி 450 கிராமைத் தாண்டி நன்றாகவே பருக்கும், இரண்டுக்கும் ஒரே சைஸ் என்றால் யாருக்குத்தான் சரியாக இருக்கும்? அதனால் ஊசி நூலை எடுத்துவிட்டேன்.

அளவெடுப்பதுதான் பெரிய வேலை. இஞ்ச் டேப்பைக் கண்டால் கடிக்க வருவாள், அதனால் ஒரு ரிப்பன் துண்டு. ஒரு கையில் அவள் நக்குவதற்கு ஏதாவது ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கழுத்துச் சுற்று, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்று, இரண்டுக்கும் நடுவே முதுகில் இருக்கிற தூரம், அவ்வளவுதான். எலிக்கு முன்பக்கம் கூம்பிப் பின்பக்கம் அகலும் உடம்பு. கழுத்தில் மட்டும் பட்டை போட்டால் ஒன்று நழுவும், இல்லையென்றால் இழுக்கும்போது மூச்சை நெரிக்கும். பிடிமானம் மார்புப் பட்டையில்தான் இருக்க வேண்டும், அதிலும் சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி விடுங்கள். எலிகளுக்கு மூச்சுத் தொல்லை சுலபமாக வருகிறது, விலாவை இறுக்கிக் கட்டுவது நல்லதே அல்ல.

துணி ஃபிளீஸ், கம்பளி மாதிரி மெத்தென்றிருக்கும் செயற்கைத் துணி. வெட்டின ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டாம், அக்குளில் தடிப்பும் குறையும். இரண்டு வளையப் பட்டை, முதுகில் ஒரு இணைப்பு, முன்னங்கால்களுக்கு நடுவே வயிற்றுப் பக்கம் ஒரு இணைப்பு. பூட்டுவதற்கு முதுகுப் பக்கம் வெல்க்ரோ, அதாவது அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரியும் பட்டை. அதன் முரட்டுப் பக்கம் வெளியே பார்த்தபடி இருக்கட்டும், உள்ளே பார்த்தால் மூடும்போதெல்லாம் ரோமத்தைப் பிடுங்கும். பொடிப்பொடியாகப் பின்தையல் போட்டு முடிச்சை வெளிப்பக்கம் வைத்தேன். உள்ளே நூல் வால் விட்டுவிடாதீர்கள், ஒரு இழை விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று அந்த விரலே போகலாம். கயிறு மாட்டும் வளையம் மார்புப் பட்டையின் மேல், கழுத்தில் அல்ல. கொக்கிக்குச் சங்கிலியில் வருகிற சின்னக் கொக்கியே போதும், கனமாக எதையும் தொங்கவிட வேண்டாம்.

போட்டவுடன் நான்கு காலும் செத்துப்போனதுபோல் தரையோடு படுத்துவிட்டாள்! பயப்பட வேண்டாம், தைத்ததைச் சில நாள் கூண்டில் அவள் படுக்கைக்குள் போட்டு வாசனை ஏற்றிய பிறகு அந்த நாடகம் குறைந்தது. எலி பெரும்பாலும் பின்னால் நடந்துதான் கழற்றிக்கொள்ளும், அதனால் வெளியே கொண்டுபோகும் முன் வீட்டுக்குள் கயிற்றை முன்பக்கமாக லேசாகப் பிடித்துப் பாருங்கள். தோளைத் தாண்டி நழுவினால் வயிற்று இணைப்பைக் குறைக்க வேண்டும்.

* * *

மேலே அவர் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். கயிற்றில் ஒரு சாண் எலாஸ்டிக் தைத்துவிடுங்கள். என் ஆண் எலி சத்தம் கேட்டால் குபீரென்று பாய்வான், அந்த வேகத்தை மார்பெலும்பு வாங்கக் கூடாது. நான் முதலில் சட்டை மாதிரி முழு உடம்பையும் மூடும் டிசைனைத்தான் யோசித்தேன், பார்க்க அழகு. ஆனால் எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, உடம்புச் சூட்டை இறக்க வால் பெரிதும் உதவும், வெயில் நேரத்தில் ஃபிளீஸ் சட்டை அதற்குத் தண்டனை. பட்டை போதும். அப்புறம் இதைப் போட்டபடி கூண்டில் தனியே விடவே கூடாது, கம்பியில் மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் மென்றே தீர்த்துவிடும். கண்ணோரமோ மூக்கிலோ சிவப்பாகக் கசிந்திருந்தால் அன்றைக்கு ஹார்னஸே வேண்டாம், பதற்றத்திலோ உடம்பு சரியில்லாமலோ இருக்கும்போது அப்படிக் கசியும்.

* * *

ஹாம்ஸ்டருக்கு இதையே சின்னதாகத் தைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு: தைக்காதீர்கள். அதன் கன்னப் பை தோள் வரை போகிறது, கழுத்துப் பட்டை எங்கே உட்காரும்? ஜெர்பிலுக்கும் (பாலைவனச் சிற்றெலி) வேண்டாம், கைக்கு அடங்காமல் துள்ளும்போது வாலைப் பிடித்துவிட்டால் தோலே உரிந்து வந்துவிடும். கினிப் பன்றிக்கு ஒன்று தைத்துப் பார்த்தேன், அசையாமல் உறைந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு நான்கு பக்கமும் அடைத்த தடுப்பு ஒன்றே நல்லது, அதில் அதுபாட்டுக்கு ஓடுகிறது.

* * *

முதலில் எழுதியது நான்தான். சட்டை வேண்டாம் என்பது சரி. கயிறு எலியை நாய் மாதிரி நடத்திக் கூட்டிப்போக அல்ல, தோளிலிருந்து குதித்துவிடாமல் இருக்க ஒரு காப்பு, அவ்வளவுதான். குட்டி எலி என்றால் வாரத்துக்கு வாரம் வளரும், ரிப்பனை வைத்து அடிக்கடி சுற்றிப் பாருங்கள். வெல்க்ரோவில் ரோமம் அடைந்தால் பிடி தளர்ந்துவிடும், பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்தால் மறுபடியும் நன்றாகப் பிடிக்கும்.