போக்குக்காட்டல், குறிப்பு மறைப்பு: பெனால்டி உதைக்கு ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கால்பந்தில் பெனால்டி அடிப்பவர் கோல்கீப்பரைத் திசைதிருப்புவதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம் குழுவில் 'ஏமாற்று உதை' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் ஆதரித்தும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரு கலைச்சொல்லை விதிப்புத்தக வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். கால்பந்தின் 14ஆம் விதிப்படி, ஓடிவரும்போது உடலை அசைத்துக் கீப்பரைக் குழப்பலாம். ஓடி முடித்த பிறகு உதைப்பதுபோல் காட்டி நிறுத்தினால் மஞ்சள் அட்டை. பிரேசிலில் 'பரடின்யா' என்று கொண்டாடப்பட்ட அந்த நிறுத்தலுக்கு 2010இல்தான் இப்படித் தடை வந்தது. இதை 'ஓடும்போது ஏமாற்றலாம், ஓடி முடித்தபின் ஏமாற்றக் கூடாது' என்று எழுதினால், விதியே ஏமாற்றுக்கு அனுமதி தருவதுபோல் இருக்கிறது. 'ஓடும்போது போக்குக் காட்டலாம்' என்று எழுதிப் பாருங்கள், சரியாக உட்காருகிறது. (ஓடிவருவதை 'முன்னோட்டம்' என்று மட்டும் எழுத வேண்டாம். அது சினிமாவுக்குப் போய்விட்ட சொல்.)

என் பரிந்துரை 'போக்குக்காட்டல்'. நாம் புதிதாகச் செய்யவேண்டிய சொல்லே இல்லை. தடுப்பாட்டக்காரருக்குப் போக்குக் காட்டிவிட்டுப் பந்தைக் கொண்டுபோனார் என்பது சாதாரணமாக எழுதுகிற வாக்கியம். போக்கு என்றால் திசை, செல்லும் வழி. காட்டிய போக்கு ஒன்று, பந்து போன போக்கு வேறு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? 'வனத்துறைக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை' என்று செய்தித்தாளில் வருகிறதே, பிடிபடாமல் திரிவது என்ற பொருள் குழப்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கால்பந்துப் பேச்சில் குழப்பாது என்றே நினைக்கிறேன். 'பாவ்லா' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் பாவ்லா காட்டுகிறவன் கடைசிவரை அடிக்க மாட்டான், இங்கே பந்து உண்மையாகவே உதைபடுகிறது. இலங்கை நண்பர் சொன்ன 'பேய்க்காட்டல்' உயிருள்ள சொல், ஆனால் அதிலும் ஏமாற்றின் நெடி இருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாம் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம், வேண்டியதோ இரண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து, பெனால்டி புள்ளியிலிருந்து கோல் வரையுள்ள 11 மீட்டரை ஏறக்குறைய 0.4 நொடியில் கடந்துவிடும். கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர். பந்து கிளம்பிய பிறகு பார்த்துப் பாய்ந்தால் மூலைக்குப் போகிற பந்து கிடைக்காது. அதனால் கீப்பர் ஊன்றுகால் எந்தப் பக்கம் பார்க்கிறது, இடுப்பு எப்படித் திரும்புகிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே படிக்கிறார். இதற்குக் 'குறிப்பறிதல்' இருக்கிறது, திருக்குறளில் அதிகாரத் தலைப்பாகவே இருக்கிற சொல். அடிப்பவர் அந்தக் குறிப்பைக் கடைசிக் கணம்வரை வெளியே விடாமல் வைத்திருப்பது ஒரு வகை. தவறான குறிப்பை வேண்டுமென்றே கொடுப்பது இன்னொரு வகை. விளையாட்டு அறிவியலில் இவற்றைத் தனித்தனியாகத்தான் ஆராய்கிறார்கள். முதலாவதைக் 'குறிப்பு மறைப்பு' என்றும், இரண்டாவதைப் 'போக்குக்காட்டல்' என்றும், அதில் கொடுக்கப்படும் பொய்யான சைகையைப் 'பொய்க்குறிப்பு' என்றும் வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே குடும்பமாக நிற்கும்.

உதை என்ற சொல்லோடு இதைக் கட்டிவிடக் கூடாது என்பதற்கு 2006 உலகக் கோப்பைக் காலிறுதி நல்ல சாட்சி. பெர்லினில் அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜெர்மன் கீப்பர் யென்ஸ் லேமன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று பயிற்சியாளர் எழுதிக்கொடுத்தது. அர்ஜென்டினாவின் கம்பியாசோ அடிக்க வந்தபோதும் எடுத்துப் பார்த்தார். அந்தக் காகிதத்தில் கம்பியாசோவின் பெயரே இல்லை! லேமன் அந்த உதையைத் தடுத்தார், ஜெர்மனி வென்றது. அடிப்பவருக்குக் கீப்பர் கொடுத்த பொய்க்குறிப்பு இது. 'ஏமாற்று உதை' இதை எப்படித் தாங்கும்?

பனென்கா உதையை எதில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, பெல்கிரேடு. செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் பனென்கா பலமாக அடிக்கப்போகிறவர்போல் வேகமாக ஓடிவந்தார். மேற்கு ஜெர்மனியின் செப் மையர் ஒரு பக்கம் பாய, பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டார். அந்த ஓட்டமே பொய்க்குறிப்பு என்பதால் இது போக்குக்காட்டல்தான். ஆனால் அது பலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்கேல் பார்-எலி குழுவினர் 286 பெனால்டிகளைப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், 28.7 சதவீதப் பந்துகள் நடுப்பகுதிக்கு வந்திருக்கின்றன, கீப்பர்கள் நடுவிலேயே நின்றதோ 6.3 சதவீதம்தான். சும்மா நின்று கோல் வாங்குவதைவிடப் பாய்ந்து வாங்குவது மேல் என்று மனம் சொல்கிறது. இந்த மனச்சாய்வுக்குச் 'செயற்சாய்வு' என்று எழுதிவருகிறேன். 'செயற்சார்பு' வேண்டாம், 'சார்பு' ஏற்கனவே பல பொருள்களைச் சுமக்கிறது.

எனக்குப் பிடிபடாத சொல் ஒன்று மிச்சம் இருக்கிறது. பக்கத்தை முன்பே தீர்மானித்து, கீப்பரைப் பார்க்காமலே அடிப்பவர்கள் உண்டு. இதற்கு 'முன்முடிவு உதை' போதும். கீப்பர் அசையும்வரை பொறுத்து, அவர் சாய்ந்ததற்கு மறுபக்கம் அடிப்பவர்களும் உண்டு. அதற்குப் 'பார்த்துதை' என்று எழுதிப் பார்த்தேன், கட்டளைபோல் ஒலிக்கிறது. 'காத்திருப்பு உதை' என்றால் கீப்பரைப் பார்ப்பது விட்டுப்போகிறது. களத்தில் ஆடுகிறவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.