குங்குமப்பூ அறைக்கு ஊதா லைட் கட்டாயமா, வெள்ளை போதுமா?

கீழக்கரை_மாடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று சும்மா கிடக்கிறது. துபாயில் இருக்கிற காக்கா, அதாவது என் அண்ணன், ஏதோ வீடியோ பார்த்துவிட்டு அதில் குங்குமப்பூ போடு, காசு நான் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஏசி, தட்டு அடுக்குகிற ஸ்டாண்ட் எல்லாம் விசாரித்தாகிவிட்டது. குழப்பம் லைட்டில்தான். ஆன்லைனில் பயிற்சி கொடுக்கிற ஒருவர், சிவப்பும் நீலமும் கலந்த ஊதா நிற குரோ லைட் போட்டால்தான் பூவே வரும், அதிலும் சிவப்பு தூக்கலாக இருந்தால் இழையும் நல்ல சிவப்பாக வரும் என்கிறார். அந்த லைட்டை விற்பவரும் அவரேதான், விலை சாதாரண எல்இடி டியூப்பைப் போல பல மடங்கு. அவர் காட்டுகிற படங்களில் இழை என்னவோ ரத்தச் சிவப்பாகத்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எந்த நிறம், எத்தனை மணி நேரம்?

பரமக்குடி_குளிரறை எழுதியது:

தம்பி, லைட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் இந்தச் செடியின் போக்கைப் பாருங்கள். பூ மொட்டு கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். அப்போது அதற்கு இலையும் இல்லை, வேரும் இல்லை, லைட்டை வைத்துக்கொண்டு அது என்ன செய்யப்போகிறது? மொட்டு உருவாக 23 முதல் 27 டிகிரி வேண்டும், உருவான மொட்டு வெளியே வர 15 முதல் 17 டிகிரிக்கு இறங்க வேண்டும். காஷ்மீரில் பாம்போர் பக்கம் அக்டோபர் பிறந்தால் வானமே இந்தக் குளிரைக் கொடுத்துவிடுகிறது, நமக்கு ஏசிதான் கதி. அடுத்தது கிழங்கின் எடை. 8 கிராமுக்குக் குறைந்த கிழங்கில் பெரும்பாலும் வெறும் இலைதான் வரும், நீங்கள் எந்த நிறத்தில் விளக்கேற்றினாலும் சரி. காஷ்மீரிலேயே வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மரத்தட்டில் கிழங்கை அடுக்கி, கிட்டத்தட்ட இருட்டறையில்தான் பூ எடுக்கிறார்கள். முளை வெளுத்து நீண்டுபோகாமல் இருக்க மங்கலான வெளிச்சம் கொடுத்தால் போதும்.

இழையின் சிவப்புக்கும் வருகிறேன். அந்த நிறம் குரோசின் என்ற பொருளால் வருவது. சிவப்பு விளக்கின் கீழே எந்தச் சிவப்புப் பொருளும் பளீரென்றுதான் தெரியும், துணிக்கடையில் பார்த்த புடவை வெயிலில் வேறு நிறமாகத் தெரிகிற மாதிரி. அதனால் அந்தப் படங்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தரம் பார்ப்பது லேபில், ஐஎஸ்ஓ 3632 என்ற குங்குமப்பூவுக்கான சர்வதேசத் தர முறைப்படி. இழையை நீரில் ஊறவைத்து 440 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தைச் சொல்கிற அலைநீள அளவு), அதாவது நீல ஒளியில், எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். 200க்கு மேல் வந்தால் முதல் தரம். அந்தப் பயிற்சிக்காரரிடம் இந்த ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

கீழக்கரை_மாடி:

அப்படியானால் லைட்டே வேண்டாமா அண்ணே?

பரமக்குடி_குளிரறை:

வேண்டும், ஆனால் பூ பறித்த பிறகு. இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை, பூ பறிப்பதோடு கேமராவை மூடிவிடுகிறார்கள். பூ முடிந்ததும் இலை நீண்டு சில மாதம் நிற்கும், அந்த இலை சமைக்கிற உணவில்தான் தாய்க்கிழங்கின் மேல் குட்டிக்கிழங்குகள் பருக்கும், தாய்க்கிழங்கு சுருங்கிப் போய்விடும். குங்குமப்பூ விதை வைக்காத செடி, குட்டிக்கிழங்கு பருக்கவில்லை என்றால் அடுத்த வருடமும் காஷ்மீரிலிருந்து கிழங்கு வாங்க வேண்டியதுதான். அங்கே உள்ளவர்கள் பூ எடுத்ததும் வயலில் கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள், வெயிலும் குளிரும் சும்மா கிடைக்கிறது. நம் ஊரில் மார்கழியில்கூட ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், வெளியே நட்டால் இலை சீக்கிரம் காய்ந்து கிழங்கு சிறுத்துவிடும். ஆகவே அத்தனை மாதமும் ஏசி அறைக்குள், லைட்டுக்குக் கீழேதான்.

அந்தக் கட்டத்தில் நிறம் ஓரளவு முக்கியம். 660 நானோமீட்டர் பக்கம் உள்ள சிவப்பு, இலை உணவு தயாரிக்க நன்றாக உதவும். 450 பக்கம் உள்ள நீலம், இலையைக் குட்டையாக, உறுதியாக வைக்கும். வெறும் சிவப்பை மட்டும் போட்டால் இலை ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். ஆனால் வெள்ளை எல்இடி என்பதே நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சைப் பூசியதுதான், அதில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் இருக்கிறது. தினம் 10, 11 மணி நேரம் போதும். என் யோசனை வெள்ளையே.

மண்டபம்_பாசி எழுதியது:

பச்சை ஒளி செடிக்கு வீண் என்று ஒரு பேச்சு உண்டு, அதையும் நம்பாதீர்கள். மேல் இலை கொஞ்சம் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது, மீதி உள்ளே ஊடுருவிக் கீழே இருக்கிற இலைக்குப் போகிறது. எங்கள் பக்கம் கடலுக்குள்ளும் இந்தக் கதைதான். தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் காணாமல் போவது சிவப்பு ஒளி, கடைசி வரை வருவது பச்சையும் நீலமும். கஞ்சிப்பாசி மாதிரியான சிவப்புப் பாசிகள் அந்தப் பச்சையைப் பிடிக்கவே தனியாக ஒரு நிறமி வைத்திருக்கின்றன. குங்குமப்பூ பாசி இல்லை, அது தெரியும், ஆனாலும் ‘செடி என்றால் சிவப்பும் நீலமும் மட்டும்தான்’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அவர் விற்கிற சரக்கு என்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. ஊதா வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சளடித்தால் தெரியாது, கிழங்கில் பூஞ்சணம் பிடித்தால் அதுவும் சட்டென்று கண்ணுக்குத் தட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரம் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பியூசேரியம் என்ற பூஞ்சணத்தால் வருகிற அழுகல் ஒரு தட்டில் ஆரம்பித்தால் பக்கத்துத் தட்டுக்கும் போகும். ஊதா லைட் வாங்கியே தீருவேன் என்றால் சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு வெள்ளை பல்பாவது மாட்டுங்கள்.

கீழக்கரை_மாடி:

போனில் லக்ஸ் பார்க்கிற ஆப் இருக்கிறது. நண்பன் கடையில் ஊதா லைட்டை அளந்தால் வெள்ளையைவிடக் கம்மியாகக் காட்டுகிறதே, அப்போது ஊதாவுக்குச் சக்தியே இல்லையா?

தங்கச்சிமடம்_வயர்மேன் எழுதியது:

லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு தம்பி. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையைத்தான் அதிகமாக உணரும், சிவப்பும் நீலமும் கண்ணுக்கு மங்கல், அதனால் மீட்டரும் குறைத்துத்தான் காட்டும். செடிக்குப் பார்க்க வேண்டியது மைக்ரோமோல் கணக்கு, அதாவது நொடிக்கு எவ்வளவு ஒளித்துகள் இலை மேல் விழுகிறது என்பது. வெள்ளை எல்இடிக்கு மட்டும் லக்ஸை எழுபதால் வகுத்தால் சுமாரான கணக்கு வந்துவிடும். ஊதாவுக்கு அந்த வாய்ப்பாடு உதவாது.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடுங்கள். 200 வாட் லைட் பத்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 2 யூனிட், நம் இரண்டு மாத ரீடிங்கில் 120 யூனிட். அதோடு போகாது, மூடிய அறையில் லைட் இழுக்கிற மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறும், அந்தச் சூட்டையும் ஏசிதான் வெளியே தள்ள வேண்டும். எரியும்போது சூடாகிற டிரைவர்களை (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டி) அறைக்கு வெளியே மாட்டினால் கொஞ்சம் மிச்சம். ஆனால் வெளியே என்றால் உப்புக்காற்று படாத இடத்தில், மூடிய பெட்டிக்குள். இங்கே கடலோரம் திறந்து கிடக்கிற டிரைவரின் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். ஏசி வெளி யூனிட்டுக்கும் இதே கதை. அப்புறம், வீட்டு ஏசி பெரும்பாலும் 16க்குக் கீழே செட் ஆகாது, 15 வேண்டும் என்றால் இப்போதே யோசியுங்கள், பிறகு சுவரை உடைக்காதீர்கள்.

முண்டு_மிளகாய் எழுதியது:

நான் செடியைப் பற்றிப் பேசவில்லை, கணக்கு மட்டும். ஒரு கிராம் காய்ந்த இழைக்கு 150 பூ பக்கம் வேண்டும், ஒரு பூவில் மூன்றே இழை. நல்ல கிழங்கில் இரண்டு பூ என்று வைத்தாலும் ஆயிரம் கிழங்குக்கு 13 கிராம்தான். அதற்கு ஆறு மாதம் ஏசி. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கு லைட்டும் வேண்டாம், ஏசியும் வேண்டாம், இந்த வெயில் ஒன்று போதும். காக்காவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கீழக்கரை_மாடி:

சொன்னால் அங்கிருந்தே திட்டுவார் அண்ணே. சரி, ஊதா லைட்டை விட்டுவிட்டேன். முதல் வருடம் ஒரே ஒரு ஸ்டாண்ட், வெள்ளை டியூப், 10 கிராமுக்கு மேல் எடையுள்ள கிழங்கு மட்டும் என்று காக்காவிடம் பேசிக்கொள்கிறேன். பறித்த இழையைக் காயவைக்க மாடி வெயில் ஆகுமா?

பரமக்குடி_குளிரறை:

வேண்டாம். குரோசினை வெளிச்சமும் சூடும் கெடுக்கும், அதிலும் நம் ஊர் வெயில். நிழலில் அல்லது சின்ன டிரையரில் மெதுவான சூட்டில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இருட்டில் வையுங்கள். கண்ணாடி பாட்டில் என்றால் வெளியே ஒரு காகிதமாவது சுற்றிவிடுங்கள். கிழங்கு வந்ததும் எடை போட்டுப் படம் போடுங்கள், வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படமாக.