செஃபலூ போனவங்க இருக்கீங்களா? அங்க நடந்தத எழுதுங்க

வைகைக்கரை:
இத்தாலில, சிசிலித் தீவுல இருக்கிற செஃபலூ போனவங்க யாராச்சும் சொல்லுங்க, மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அந்த லவாத்தோயோ தெரியும்ல, தெருவுல இருந்து படி இறங்கிப் போனா பழைய துணி துவைக்கிற இடம், சிங்க முகத்து வாயில இருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்குமே. பீச்ல இருந்து நேரா அங்க போனோம், என் மாமியாருக்கு வெயில் தாங்கல. அத்தை உக்காந்து கைக்குட்டைய நனைச்சாங்க, அப்புறம் என்ன தோணுச்சோ அந்தச் சாய்வுக் கல்லுல வச்சு கும்மு கும்முன்னு கும்ம ஆரம்பிச்சுட்டாங்க. மேல போய்க்கிட்டிருந்த ஒரு பாட்டி, பூப்போட்ட கவுன், கையில காய்கறிப் பை, விறுவிறுன்னு இறங்கி வந்து கைக்குட்டைய வாங்கி (புடுங்கின்னும் சொல்லலாம்) கல்லோட இன்னொரு பக்கத்தைத் தட்டித் தட்டிக் காமிச்சு சத்தமா என்னமோ சொல்றாங்க. அத்தை விடுவாங்களா, "எனக்குத் தெரியாததா, வைகையில தொவைச்ச கைம்மா இது"ன்னு மதுரைத் தமிழ்ல எகிறுறாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, யாரும் நிறுத்தல. கடைசில பாட்டியே பிழிஞ்சு அத்தை தோள்ல போட்டுட்டு திரும்பிப் பாக்காம போயிட்டாங்க. திட்டுனாங்களா, சொல்லிக்குடுத்தாங்களா? வீட்ல ஓட்டெடுப்பே நடந்துச்சு, ஆளுக்கொரு பக்கம்.

நடந்தே போவோம்:
திட்டுதான், சந்தேகமே வேணாம். பழங்காலத்து இடம், வர்றவங்க எல்லாம் துவைக்க உக்காந்தா என்ன ஆகும்? அத விடுங்க, பீச்லயே விழுந்து கிடக்காம லா ரோக்கா ஏறுங்க, ஊருக்கு மேல நிக்குதே அந்தப் பாறை, 270 மீட்டர் இருக்கும். என் ஃப்ரெண்டு ஹவாய் செருப்போட வந்தான். டிக்கெட் குடுக்கிறவர் அவன் காலைப் பாத்தார், தலைய ஆட்டினார், ஒரு வார்த்தை பேசல. இவன் பழநி மலையே வெறுங்கால்ல ஏறுனவன்டான்னு வீராப்பு. ஆளுங்க நடந்து நடந்து கல்லெல்லாம் வழவழன்னு இருக்கு. டயானா கோயில் வர்றதுக்குள்ள ஒரு வார் அறுந்துருச்சு (கோயில்னா பெரிய பெரிய கல்லை அடுக்கின சுவரு, உள்ள அதைவிடப் பழைய தண்ணித் தொட்டி, கிறிஸ்துவுக்கு முந்தினது). மிச்சம் மொத்தமும் வெறுங்கால், மத்தியான வெயில். மேல கோட்டைச் சுவர்ல இருந்து கீழ பாத்தா கதீட்ரலோட ரெண்டு கோபுரமும் நம்ம காலுக்கடியில, ஆனா அவன் எங்க பாத்தான். இறங்கி வந்ததும் அந்த டிக்கெட்காரர் தன் தண்ணி பாட்டில எடுத்து இவன் கால்ல ஊத்துனார் பாருங்க, அப்பவும் ஒரு வார்த்தை இல்ல. காசு நீட்டினா கையத் தட்டி விட்டுட்டார்.

பலெர்மோ பெடியன்:
நான் பலெர்மோவில இருக்கிறன், இஞ்ச தமிழாக்கள் கனபேர், சாந்தா ரோசாலியா எண்ட புனிதையின்ர மலையில போய்ப் பாத்தா சைவச் சனமும் மெழுகுதிரியோட நிக்கும். மேல எழுதின அண்ணை, அது திட்டு இல்லை. முந்தி அங்க பொம்பிளையள் உண்மையாவே உடுப்புத் தோய்ச்சவை, அந்த அம்மாவும் சின்னனில தாயோட நிண்டிருப்பா. சிசிலிச் சனம் அன்பாக் கதைச்சாலும் சண்டை மாதிரித்தான் கேக்கும்.

என்ர கதை வேற. ஓகஸ்ட் 15, ஃபெராகொஸ்தோ எண்ட விடுமுறை நாள், முழு இத்தாலியும் கடற்கரையில. ரெண்டு மூண்டு துவாயைத் தோளில போட்டுக்கொண்டு தண்ணிக் கரையால நடக்கிறன், குடைக்குக் கீழ படுத்திருந்த ஒரு ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாமலே விரலால கூப்பிட்டு, துவாயைப் பிடிச்சுப் பாத்து "குவாந்தோ?" எண்டு விலை கேக்கிறார். கடற்கரையில சாமான் வித்துத் திரியிற பெடியள்ல ஒருத்தன் எண்டு நினைச்சிட்டார். நான் வாய் திறக்க முதல் என்ர மகன், இஞ்ச பிறந்தவன், சுத்தப் பலெர்மோப் பேச்சில "ஐயாயிரம் யூரோ, அப்பாவும் சேர்த்தெண்டா பத்தாயிரம்" எண்டான். பக்கத்துக் குடையெல்லாம் ஒரே சிரிப்பு. அந்தாள் சிரிக்கேல்ல. நானும் சிரிச்சனான்தான், ஆனா சுடுமணல்ல நாள் முழுக்க நடந்து விக்கிற பெடியளில என்ன குறை, எனக்கேன் முகம் எரிஞ்சது எண்டுதான் இண்டைக்கும் விளங்கேல்ல.

ரயில் பைத்தியம்:
மகன் சூப்பர். என்னோடது சின்ன அனுபவம், பலெர்மோல ரயில் ஏறின ஒரு அம்மா கேக்காமலே எங்க குழந்தைய வாங்கி மடியில போட்டுக்கிட்டாங்க, செஃபலூ வந்ததும்தான் திருப்பிக் குடுத்தாங்க, நல்லா தூங்கிட்டான். போறவங்களுக்கு சொல்றேன், கார் வேண்டாம், இத்தாலில பழைய ஊர்கள்ல பல தெருவுக்குள்ள வெளி வண்டி போகக்கூடாது, கேமரா புடிச்சுரும், அபராதம் நீங்க மறந்தே போன பிறகு வீட்டுக்கு வரும். ரயில்ல ஒரு மணி நேரம் முன்னப்பின்ன, பேப்பர் டிக்கெட்னா ஸ்டேஷன் மெஷின்ல அடிச்சுட்டு ஏறுங்க. பீச்ல லிடோன்னு போர்டு இருந்தா குடைக்கும் படுக்கைக்கும் காசு, பக்கத்துலயே ஓசி மணலும் இருக்கு, ஆகஸ்ட்ல காலைலயே போகலன்னா துண்டு விரிக்க இடம் கிடைக்காது. சைவம்னா பாஸ்தா ஆ தாயானு பக்கம் போகாதீங்க, அந்த ஊர் ஸ்பெஷல்தான், ஆனா கறியும் கத்திரிக்காயும் சேர்த்துச் சமைக்கிறது. கப்போனாத்தா கேளுங்க, புளிப்பும் இனிப்புமா கத்திரிக்காய், தைரியமா சாப்பிடலாம். காலைல கிரானித்தாவும் (துருவின ஐஸ் மாதிரி இனிப்பு) பிரியோஷும் (மெத்துன்னு பன்), ஆனா பிரியோஷ்ல முட்டை உண்டு. ரோக்காவ வானிலை சரியில்லன்னா மூடிருவாங்க, ஷூ போடுங்க, தொப்பி எடுத்துக்கோங்க, தண்ணி...

மஞ்சள் குடை:
ரயில் அண்ணா, இங்க யாரு உங்ககிட்ட வழி கேட்டா?

கதீட்ரல் பத்தி ஒருத்தர் கூட எழுதலையே. 1131ல ரோஜர் ராஜா ஆரம்பிச்சது, புயல்ல தப்பிச்சதுக்கு நேர்த்திக்கடன்னு கதை சொல்வாங்க. உள்ள 1148ல முடிச்ச மொசைக், தங்கப் பின்னணில யேசு, கையில விரிச்ச புத்தகம், ஒரு பக்கம் கிரேக்கம் ஒரு பக்கம் லத்தீன். அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து புடிச்சுக்கிச்சு. அப்போ ஒரு வயசானவர், அங்கயே வேலை பாக்கிறவர் போல, என் முழங்கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் வெறும் தரையக் காமிச்சு "ரோஜர், நோ! ரோஜர், பலெர்மோ!"ன்னு உதடு துடிக்கத் துடிக்க சொல்றார். யாரோ நேத்து ராத்திரி திருடிட்டுப் போன மாதிரி அப்படி ஒரு கோவம். விஷயம் என்னன்னா, ரோஜர் தன்னை இங்கதான் புதைக்கணும்னு செந்நீலக் கல்லுல ரெண்டு பெட்டி செஞ்சு 1145லயே வச்சுட்டார், ஆனா அவரை பலெர்மோல புதைச்சுட்டாங்க, 1215ல பேரன் ஃபிரெடரிக் வந்து பெட்டியையும் தூக்கிட்டுப் போயிட்டார். 800 வருஷத்துக் கோவம், அதுவும் என்கிட்ட!

பலெர்மோ அண்ணா, உங்க ஊர்க்காரங்க அதை எப்போ திருப்பித் தர்றதா உத்தேசம்?

பலெர்மோ பெடியன்:
தங்கச்சி, அதில ஒண்டுக்குள்ள இப்ப ஃபிரெடரிக்கே படுத்திருக்கிறார். எழுப்பிக் கேட்டுச் சொல்லுங்கோ.