டோர்னியர் 335 மாதிரி: மூக்குச் சக்கரம் தரையில் நிற்க மறுக்கிறது

இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் போர் விமானமான டோர்னியர் 335இன் மாதிரியை 1/48 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். சக்கரங்களைப் பொருத்தியதும் கீழ்வால் (வாலுக்கு அடியில் நீட்டியிருக்கும் துடுப்பு) தரையில் சாய்கிறது. மூக்குச் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது.

மூக்கில் ஒன்று, விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு டைம்லர்-பென்ஸ் டிபி 603 எஞ்சின்கள். வால்முனையிலும் ஒரு சுழலி (புரொப்பெல்லர்). அமெரிக்காவில், வர்ஜீனியாவின் உட்வார்-ஹேஸி மையம் என்ற விமான அருங்காட்சியகத்தில் இருப்பதுதான் உலகில் எஞ்சிய ஒரே டோர்னியர் 335. அதன் படங்களைப் பார்த்தே செய்கிறேன். (1974இல் அதைச் சீரமைக்க ஜெர்மனிக்கு அனுப்பியபோது, அவசரத்தில் விமானி வெளியேறுவதற்காக மேல்வாலையும் பின்சுழலியையும் தகர்த்துக் கழற்றுவதற்கான வெடிமருந்து 30 ஆண்டு கழித்தும் வெடிக்கும் நிலையிலேயே இருந்திருக்கிறது!)

மூக்குப் பக்கம் எடை கூட்ட, முன்சுழலியின் கூம்புக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை நிரப்பினேன்; போதவில்லை. விமானி இருக்கைக்கு அடியில் ஈயத்தகடு வைத்தேன். இறக்கைக்கு அடியிலுள்ள முதன்மைச் சக்கரங்களுக்கு மிக அருகில் என்பதால் பயனில்லை. பின் எஞ்சினின் ரெசின் வார்ப்பை எடுத்துவிட்டு இலேசான பிளாஸ்டிக் பாகத்தைப் போட்டும் வால் எழவில்லை. முன் எஞ்சினைத் திறந்து காட்டப்போவதால் அங்கே ஈயம் திணிக்க முடியாது. வாலுக்கு முட்டுக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எஞ்சின் மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு, மீதி எடையை எங்கே ஒளிக்கலாம்?