போர்முனையிலிருந்து வந்த அண்ணி: வீட்டை எப்படித் தயார் செய்வது?

செங்காங்வாசி:
அண்ணி அமெரிக்க ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக ஆப்கானிஸ்தானில் இருந்தவர். அடுத்த மாதம் அண்ணன், 4 வயது மகனோடு சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வருகிறார். தூக்கமில்லை, திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு உதறுகிறது, கூட்டம் ஆகாது. என்ன செய்யலாம்?

தோபாயோ தாதி:
தம்பி, முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். இங்கே நாள் தெரிந்த சத்தங்கள் உண்டு: பிப்ரவரி 15 மாலை 6.20க்கு அபாயச் சங்கு. தேசிய தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகைகளில் போர் விமானம், வாணவேடிக்கை. முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெடித்தபிறகு "பட்டாசுதான்" என்றால் பயனில்லை, அதற்குள் நெஞ்சு படபடத்திருக்கும்.

தூங்கும்போது தொட்டு எழுப்பவேண்டாம். கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கனவின் நடுவே தொட்டால் கை வீசிவிடக்கூடும், பிறகு அந்தக் குற்றவுணர்ச்சி வேறு. வந்த அன்றே சமையலையும் பிள்ளையையும் அவர் தலையில் கட்டாதீர்கள். ஆண் திரும்பினால் ஓய்வெடு என்போம், பெண்ணுக்குக் கரண்டியை நீட்டுவோம். அதுதான் பலரை உடைக்கிறது.

மனநல ஆலோசகர்:
அக்கா சொன்னது சரி. ஆனால் எல்லாவற்றையும் தவிர்க்க உதவினால் அச்சம் வேரூன்றும். தவிர்ப்பதே பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநோயின் (PTSD) ஓர் அறிகுறி. கூட்டம் நெரியும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) ஞாயிறு மாலை வேண்டாம், வாரநாள் காலை 15 நிமிடம் போதும். அவர் சம்மதித்தால் மெல்லக் கூட்டுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பேச்சுச் சிகிச்சைதான் முதல் வழி. நினைவை எதிர்கொள்ளும் முறைக்கு 8 முதல் 15 அமர்வு. தொடக்கத்தில் சிலருக்குக் கனவுகள் கூடும், அப்போதுதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்; வீட்டார் இதை முன்பே அறிந்திருக்கவேண்டும். மாத்திரை என்றால் செர்ட்ராலின், பாராக்சிடின். தூக்கத்துக்கு வேலியம் வகை வேண்டாம், பழக்கமாகிவிடும்.

இன்னொன்று. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் கேட்டால், மூன்றில் ஒரு பெண் பணிக்காலத்தில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொல்கிறார். அதனால் "அங்கே என்ன நடந்தது?" என்று யாரும் துருவக்கூடாது. பெண் மருத்துவர் வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

செங்காங்வாசி:
நன்றி. செலவுக்கு என்ன வழி?

கணக்கர்:
பணியால் வந்த நோய் என்று அமெரிக்கப் படைவீரர் நலத்துறை பதிந்திருந்தால், அவர்களின் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தில் பணம் திரும்பக் கிடைக்கும். புறப்படும் முன்பே பதியச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் கட்டவேண்டும், 2 ஆண்டுக்குள் கோரவேண்டும். ரசீதில் நோயின் பெயர், சிகிச்சை, தேதி, தொகை நான்கும் இருக்கட்டும். "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தால் இழுத்தடிக்கும். கவச உடையும் மூட்டையும் சுமந்து வந்த இடுப்புவலி, முதுகுவலி இருந்தால் அதையும் பதியச் சொல்லுங்கள், பெண்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள்.

நள்ளிரவில் நெருக்கடி என்றால் மனநல உதவி எண் 1771, உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.