நம்ம தெரு குழு: மே பிளவர் மரம் வேண்டுமா, வேண்டாமா?

முரளி, காலை 6:12
ராத்திரி அடித்த காற்றில் மே பிளவர் மரத்தின் கிளை முறிந்து ரபீக் பாய் கார் மேல் விழுந்திருக்கிறது. வழி அடைத்துக் கிடக்கிறது. பால் வண்டி பின்பக்கமாகச் சுற்றி வரட்டும்.

ரபீக், 6:15
பானெட் நசுங்கிவிட்டது. கண்ணாடி தப்பித்தது. யாரும் உள்ளே இல்லை, அந்த மட்டும் சரி.

முரளி, 6:19
பேசாமல் மரத்தையே எடுத்துவிடலாம். வர்தா புயல் மறந்துவிட்டதா? 2016 டிசம்பர் 12. நம் தெருவில் அன்றைக்குப் படுத்ததில் பாதி இந்த ஜாதிதான்.

சரோஜா மாமி, 6:24
மே மாதம் பிறந்து நான்கு நாள் ஆகவில்லை, மரம் முழுக்கப் பூ. இப்போது போய் வெட்டுவார்களா யாராவது?

கௌதம், 6:26
மாமி, அது நம் ஊர் மரமே இல்லை. மடகாஸ்கர்!

சரோஜா மாமி, 6:27
இருந்தால் என்ன? மிளகாய் மட்டும் நம் ஊரா? அதைப் போட்டுத்தானே சாம்பார் வைக்கிறாய்?

ரபீக், 6:28
😂😂

ஸ்டெல்லா டீச்சர், 6:40
மடகாஸ்கர் என்பது சரி. அந்தத் தீவின் வடக்கிலும் மேற்கிலும், வருடத்தில் பாதி நாள் மழையே பார்க்காத காடுகளில் தானாக வளர்கிற மரம். அதனால்தான் வெயில் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்று, பிறகு இப்படிப் பூக்கிறது. 1829இல்தான் அதற்கு அறிவியல் பெயர் அச்சில் வந்தது. அழகுக்காகவே வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

ஸ்டெல்லா டீச்சர், 6:43
இன்னொன்று. அதன் பேரினம் டெலோனிக்ஸ். அதில் பத்துப் பன்னிரண்டு வகை உண்டு, பெரும்பாலானவை மடகாஸ்கரைத் தாண்டி வேறெங்கும் இயல்பாக இல்லை. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா பக்கமெல்லாம் வளர்கிற ஒன்று, மாமி வீட்டுக் கொல்லையிலும் நிற்கிறது.

சரோஜா மாமி, 6:44
என் வீட்டிலா? முருங்கையையா சொல்கிறீர்கள்?

ஸ்டெல்லா டீச்சர், 6:45
வாதநாராயணன்! இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். பூவைப் பாருங்கள். மே பிளவரில் ஐந்து இதழ், நான்கு சிவப்பு, ஒன்றில் மட்டும் வெள்ளையும் புள்ளியும். வாதநாராயணன் பூ வெள்ளையாக விரியும், வாட வாட மஞ்சளாகும். நீட்டிக்கொண்டு நிற்கிற கேசரம், அதாவது நுனியில் மகரந்தம் தாங்கும் இழை, இரண்டிலும் உண்டு.

கௌதம், 6:47
அந்தக் கேசரத்தை மாட்டி இழுத்துச் சண்டை விடுவோமே! தலை அறுந்தவன் தோற்றான். மொட்டின் தோலை நகத்தில் ஒட்டிக்கொண்டு பேய் நகம் என்று தங்கையை ஓட ஓட விரட்டியதும் உண்டு.

முரளி, 6:50
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி, 6:51
பூ, பேய் நகம் எல்லாம் சரி. கார் மேல் கிளை விழுந்ததற்கு என்ன பதில்?

ஸ்டெல்லா டீச்சர், 7:05
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் முரளி. விழுந்த கிளை தெருப் பக்கம் நீண்டது. போன வருடம் மின்கம்பிக்காக வீட்டுப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டுப் போனார்கள். மொத்தப் பாரமும் தெருப் பக்கம் வந்துவிட்டது. ஏற்கெனவே குடை மாதிரி அகலமாகப் படரும் மரம், கட்டையும் உறுதி கிடையாது. வேர் ஆழம் போகாது, மேலாகத்தான் பரவும். அதில் ஒரு பக்கத்தை வடிகால் தோண்டும்போது அறுத்தாயிற்று. மிச்சத்துக்கு அடிமரம் வரைக்கும் சிமெண்ட். தண்ணீர் எங்கே இறங்கும்?

முரளி, 7:08
சிமெண்ட் போட்டது நாம்தான், குப்பை சேர்கிறது என்று.

ஸ்டெல்லா டீச்சர், 7:09
அதைத்தான் சொல்கிறேன்.

ரபீக், 7:14
எனக்கு மரத்தின் மேல் கோபம் இல்லை டீச்சர். ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் தெருப் பக்கம் நீண்டிருக்கும் மற்ற இரண்டு கிளையையும் குறைத்தாக வேண்டும். அதில் எனக்குப் பேச்சே இல்லை.

ஸ்டெல்லா டீச்சர், 7:16
கட்டாயம். ஆனால் மொட்டையடிக்க வேண்டாம். மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும், அந்தப் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பே இருக்காது, அடுத்த காற்றில் அவைதான் முதலில் வரும். நுனியைக் கழித்துப் பாரத்தைக் குறைத்தால் போதும். எதுவானாலும் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும், பொது இடத்து மரம்.

முரளி, 7:20
சரி, வெட்ட வேண்டாம். ஆனால் அது போன பிறகு அங்கே இன்னொரு மே பிளவர் வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூவரசு, புங்கை ஏதாவது வையுங்கள்.

ஸ்டெல்லா டீச்சர், 7:21
அதில் நானும் உங்கள் கட்சி. இவ்வளவு குறுகின தெருவுக்கு ஏற்ற மரமில்லை அது. மைதானத்தில் நிற்க வேண்டியது.

கௌதம், 7:23
வாதநாராயணன் வைத்தால்?

சரோஜா மாமி, 7:26
விதையே வேண்டாம், போத்து ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். என்னுடையது அப்படி வந்ததுதான். கொழுந்தாகப் பறித்து அடை மாவில் போடுவேன், என் மாமியார் வாய்வுக்கு நல்லது என்பார். வயிற்றை இளக்கும், அதனால் இரண்டு அடைக்கு மேல் தின்னாதே. இலையை வெந்நீரில் கொதிக்கவிட்டுக் கால் வலிக்கு ஊற்றிக்கொள்வதும் உண்டு.

ரபீக், 7:28
மாமி, கார் வலிக்கு ஏதாவது இருக்கிறதா?

சரோஜா மாமி, 7:29
அடை இருக்கிறது. சாயங்காலம் வா.

முரளி, 7:35
அப்போ ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிமரத்துச் சிமெண்டை உடைக்கிறோம். கடப்பாறை என்னிடம் இருக்கிறது, இரண்டு பேர் வேண்டும். கிளை கழிக்க மனு நான் எழுதுகிறேன், டீச்சர் பார்த்துக் கொடுங்கள். அதுவரை யாரும் அந்த மரத்தடியில் வண்டி நிறுத்த வேண்டாம். கௌதம், உன் பைக்கும்தான்.

கௌதம், 7:36
எடுத்துவிட்டேன் அண்ணா 🏃